மணற்காட்டுப் பக்கம் ஒதுங்கி வாழும் சிநேகிதனை விட்டுவிடாமல் இருக்க

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் சவுக்கங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கொட்டில் போட்டுத் தனியே இருக்கப் போனவனை ஊர் மெல்ல மறந்துவிடும். நெருங்கிய சிநேகிதனுக்கு அப்படி மறக்க முடியாது. ஆனால் பாசம் மட்டும் காணாது, ஒழுங்கும் வேணும்.

முதலில் நாளைக் குறியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம். "நேரம் கிடைச்சா வாறன் மச்சான்" என்ற பேச்சுத்தான் இப்படியான நட்பை அறுக்கிறது. தனியே இருப்பவனுக்குத் திங்களும் வெள்ளியும் ஒன்றுதான்; நீங்கள் வரும் நாளை வைத்தே அவன் கிழமையைக் கணக்கிடுவான். வரமுடியாவிட்டால் முதல்நாளே அறிவியுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் பக்கத்து மீன்வாடியில் ஒருவரிடம் சொல்லிவிடும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வையுங்கள். அவனைக் கேட்காமல் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.

ஒரு ஆளுக்கு இரண்டு கிழமைக்குக் குத்தரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, வெங்காயம் 1 கிலோ, மிளகாய்த்தூள் 250 கிராம், தேயிலை, பனங்கட்டி, நெருப்புப்பெட்டி, டோர்ச் பற்றரி போதும். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா கன நாள் பழுதாகாது. இவற்றுக்குக் காசோ கருவாடோ அவன் தந்தால் மறுக்காமல் வாங்குங்கள். எல்லாவற்றையும் சும்மா கொடுத்தால் அவனுக்குக் கூச்சம் வரும், பிறகு உங்களைக் காணவே தயங்குவான்.

தண்ணீரைக் கட்டாயம் பாருங்கள். மணலுக்குள் மழைநீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. வாளியால் அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். பம்ப் போட்டு இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் குடித்துப் பார்த்து, உவர்த்தால் இரண்டு 20 லீற்றர் கான் கொண்டுபோங்கள்.

போனவுடன் கேள்வி கேட்காதீர்கள். கிடுகு மாற்றுவது, வேலி கட்டுவது என்று ஒரு வேலையில் கூட நில்லுங்கள். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவனாகக் கதைப்பான். "எப்ப திரும்பி வாறாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பவன் சிநேகிதனாக அல்ல, அழைப்பாணை கொண்டு வந்தவனாகத் தெரிவான்.

இடைக்கிடை இரவு தங்குங்கள். பகலில் அழகாயிருக்கும் அந்த மண்ணும், பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில் சுவர்களும் இருட்டினால் வேறாகிவிடும். சவுக்கில் காற்று இரையும், ஆட்காட்டிக் குருவி திடீரெனக் கத்தும். முனி உலாவுது என்று அவன் சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், உங்கள் பேய்க்கதையைச் சேர்க்கவும் வேண்டாம். டோர்ச்சோடு இருவருமாய்ப் போய்ச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். அனேகமாகத் தளர்ந்த தகரமோ உரசும் ஓலையோதான். நாகர்கோவில், முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் பகலிலும் இறங்கக்கூடாது.

நிலத்தில் படுக்காமல் கட்டிலில், நுளம்பு வலைக்குள் படுங்கள். அந்த மணலில் சுருட்டைப் பாம்பு உண்டு. கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து, மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தனிமை வேறு, நோய் வேறு. சமைத்து, குளித்து, முற்றம் கூட்டுகிறான் என்றால் அவனை அவன் பாட்டில் விடுங்கள். போனமுறை கொடுத்த அரிசி அப்படியே கிடக்கிறது, இரவில் உறக்கமில்லை, யாரோ கட்டளையிடும் குரல் கேட்கிறது, சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுத்து முடிக்கிறான் என்றால் அடுத்த தவணை வரை பொறுக்காதீர்கள். அன்றிரவு அவனைத் தனியே விடாமல், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள், அல்லது யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அவன் கோபிப்பான். கோபித்தாலும் பரவாயில்லை.

மாரிக்கு முன், செப்டெம்பரிலேயே, ஒரு மாதச் சாமானை இறக்கிவிடுங்கள். வெள்ளம் நின்றால் பாதை அடைபடும். புயல் எச்சரிக்கை வந்தால் அவன் எங்கே வந்து தங்குவது, யார் ஏற்றிவருவது என்பதையும் அப்போதே பேசி முடித்து, உங்கள் வீட்டுத் திறப்பு ஒன்றை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.