திண்ணை வெளிச்சத்தில் ஒரு முகம்: வீட்டாரை இயல்பாகப் படம்பிடிக்கும் முறை

என் ஆயா இறந்த அன்று, கூடத்தில் மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். பேரப்பிள்ளைகள் நால்வரின் கைப்பேசிகளிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தும், அவருடைய முகம் தெளிவாகத் தெரியும்படி ஒன்றுகூட அகப்படவில்லை. கல்யாணக் கூட்டப் படங்களில் அவர் மூன்றாம் வரிசையில், விளக்கு வெளிச்சம் தாங்காமல் கண்களை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தையே ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். அந்தப் படத்தில் இருப்பவரை எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை; நாங்கள் அறிந்த ஆயா, முறத்தில் கீரையை ஆய்ந்துகொண்டே தலை நிமிராமல் கதை சொன்னவர். அதன்பிறகு பத்தாண்டுகளாக வேலூர், குடியாத்தம் பக்கத்து உறவினர் வீடுகளில் படம் எடுத்துக் கற்றுக்கொண்டதை, இன்னும் பெரியவர்கள் உடனிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

படம் என்றவுடன் நம் வீடுகளில் எழும் முதல் சொல் "அசையாம நில்லு" என்பதுதான். 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட தொடக்ககால ஒளிப்பட முறையில் ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனதால், அசையாமல் இருப்பது அன்று தவிர்க்க முடியாத தேவையாக இருந்தது. உட்கார்ந்திருப்பவரின் தலையைப் பின்னாலிருந்து இரும்புத் தாங்கியால் முட்டுக்கொடுத்தும் வைத்தார்கள். இன்று ஒரு வினாடியின் 250இல் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே முதல் வேலை, அந்தப் பழைய கட்டளையை விட்டுவிடுவது. யாரையும் வரிசையில் நிறுத்தாதீர்கள், சிரிக்கச் சொல்லாதீர்கள், புடவை மாற்றிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். அவர்கள் எந்த வேலையில் இருக்கிறார்களோ அந்த வேலைக்குப் பக்கத்தில் நீங்கள் போய் உட்காருங்கள்.

கைக்கு வேலை இருக்கும்போது முகம் தன் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது என்பதை நான் ஒவ்வொரு வீட்டிலும் கண்டிருக்கிறேன். குடியாத்தத்தில் என் சித்தி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது, இலையை நறுக்குவதிலும் தூளை நிரப்பி நூலால் கட்டுவதிலும் விரல்கள் தாமாகவே ஓட, கண்கள் தெருவையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்களைக் கேமராவுக்கு எதிரே உட்காரவைத்து வாங்கவே முடியாது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை அரிவாள்மணையில் நாலாகப் பிளக்கும் அத்தை, செருப்புத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து முற்றத்தில் கைகால் கழுவும் மாமா, நாளிதழை மடித்து விசிறிக்கொள்ளும் தாத்தா என்று எல்லா வீட்டிலும் இப்படிச் சில நேரங்கள் உண்டு. ஒரு வாரம் கேமராவைத் தொடாமல், யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். நான் சொல்லும் முறையில் பாதி வேலை அந்தத் தாளில் முடிந்துவிடுகிறது.

பிறகு படம் எடுக்கப் போகும்போது, முதல் இருபது நிமிடம் கைப்பேசியை மடியிலேயே வைத்திருந்து பேச்சுக் கொடுங்கள். அவர்களுக்குச் சொல்ல ஆசையுள்ள செய்தியாகக் கேட்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைக் கேட்டால், அதை எங்கே நின்று பார்த்தோம் என்பதைக் கைகளை விரித்துக் காட்டாத பெரியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த விரிந்த கைகளுக்குப் பிறகு வரும் ஒரு கணத்து மௌனத்துக்காகக் காத்திருங்கள். பேச்சு ஓடும்போது வாய் பாதி திறந்தே பதியும்; சொல்லி முடித்து நினைவில் ஆழும் அந்தக் கணத்தில்தான் முகம் முழுமையாக நிற்கும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெயில் படத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. வேலூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அப்போது வெளியே எடுக்கும் எந்த முகத்திலும் கண்குழிகள் கருத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். மார்கழி, தை மாதங்களிலோ நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே இருப்பதால், தெற்குப் பார்த்த வாசலும் சன்னலும் உள்ள வீடுகளில் வெயில் தரைவரை வந்து படியும். நான் பெரியவர்களின் படங்களைப் பெரும்பாலும் அந்த மாதங்களுக்கென்றே ஒதுக்குகிறேன். கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் மட்டுமே வெளியே எடுங்கள்.

ஆனால் ஆண்டு முழுவதும் நம்பக்கூடிய இடம் திண்ணை. மேலே கூரை இருப்பதால் நேர்வெயில் விழாது. எதிரே திறந்த தெருவும் வானமும் இருப்பதால் வெளிச்சம் முன்பக்கமிருந்து மெதுவாக வந்து முகத்தைத் தொடும். திண்ணை இல்லாத புது வீடுகளில், வாசற்படியிலிருந்து ஓரடி உள்ளே நாற்காலியைப் போட்டு, முகம் வாசலை நோக்கிச் சற்றே ஒருக்களித்திருக்கும்படி உட்காரவைத்தால் அதே வெளிச்சம் கிடைக்கும். ஒரு கன்னம் மிகவும் இருண்டு தெரிந்தால், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை அந்தப் பக்கத்தில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசல் அவருக்குப் பின்னால் இருக்கும்படி மட்டும் எடுக்காதீர்கள், முகம் கருநிழலாகிவிடும். வீட்டுக்குள் எடுக்கும்போது குழல்விளக்கை அணைத்துவிடுங்கள், ஏனெனில் சன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்தால் தோலில் இரண்டு நிறம் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. இரவில் அந்த விளக்குகளை நம்பியே எடுக்க வேண்டியிருந்தால், ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைத்தால் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழாது.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முகத்தை வெளுப்பாக்கிச் சுருக்கங்களை அழிக்கும் அழகுபடுத்தும் வசதியைக் கைப்பேசியில் முற்றிலுமாக நிறுத்திவிடுங்கள். வெயிலில் உழைத்துக் கறுத்த தோலும் நெற்றியின் கோடுகளும்தான் அவர். வெள்ளைச் சட்டை அணிந்தவரை எடுக்கும்போது கேமரா சட்டையின் வெண்மையைக் கண்டு படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். அப்போது திரையில் அவருடைய முகத்தின்மேல் விரலை வைத்துச் சில வினாடி அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் முகத்துக்கே பூட்டப்பட்டுவிடும்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. அதை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காதுகள் ஒடுங்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே வீட்டுக்குப் போதும். உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 1/125, ஓடும் பிள்ளைக்கு 1/500 என்று ஷட்டர் வேகத்தை வைத்து, அதற்கேற்ப ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) உயர்ந்து படத்தில் மணல் தூவியதுபோலக் கொஞ்சம் புள்ளிகள் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடைப்பதை மறக்காதீர்கள். பிள்ளைகளை எடுக்கும்போது தரையில் உட்கார்ந்து, அவர்கள் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும்.

வெளியிடங்களிலும் இதே முறைதான். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை உருவம்) ஊர்வலம் வரும்போது எல்லாக் கைப்பேசிகளும் சிரசை நோக்கித்தான் உயரும். நீங்கள் ஒருமுறை திரும்பி, அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை எடுங்கள். ஏராளமான குடும்பங்களின் பிள்ளைகள் படையில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்று அழைக்கப்படும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், சுவரில் தொங்குபவை சீருடைப் படங்களாகவே இருக்கும். விடுப்பில் வந்தவர் லுங்கியோடு அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கித் தரும் படமும் அந்தச் சுவருக்கு வேண்டும். காட்பாடி நிலையத்தில் ரயில் நகரும்போது, ஏறிச் செல்பவரை விட்டுவிட்டு, சன்னலோடு நாலடி நடந்து வரும் அம்மாவைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் அனுமதி கேட்க வேண்டும். சிலருக்குப் படம் பிடிக்காது. சில வீடுகளில் பெண்கள் படம் வெளியே போவதை விரும்பமாட்டார்கள். "நம்ம வீட்டுக்குள்ளதான் வெச்சுக்குவேன் அத்தை, வேணாம்னு சொன்னா இப்பவே அழிச்சிடறேன்" என்று சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். நோயுற்றவரை, அழுபவரை, அரைகுறை ஆடையில் இருக்கும் பிள்ளையை எடுத்து எங்கும் பகிராதீர்கள்.

எடுத்தவற்றை அன்றிரவே பார்த்து, நூற்றுக்கு ஐந்து என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஐந்தையும் கைப்பேசியில் மட்டும் விடாமல், வேறொரு வட்டிலும், வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் ஒரு பிரதி வைக்க வேண்டும். மாதம் ஒன்றையாவது 4க்கு 6 அங்குலத் தாளில் அச்சிட்டு, பசை தடவாமல், மூலைகளில் செருகும் ஆல்பத்தில் வையுங்கள். தாளின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் பெயர், உறவு, ஊர், தேதி, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எழுதுங்கள். என் அம்மாவின் படத்துக்குப் பின்னால், தை மாதத்து ஒரு காலையில், வாசற்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்தார் என்று எழுதியிருக்கிறேன். அதன் இன்னொரு பிரதியை அவரிடமே கொடுத்தபோது, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டு, அதைப் புடவைகளுக்கு நடுவில் பீரோவில் வைத்தார்.