ஜெர்மனியில் பகிர்வு வீட்டில் அறை எடுப்பது எப்படி? புதிதாகப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் படிக்கவோ, அங்கிருந்து இணையவழியில் வேலை பார்க்கவோ போகிறவர்கள் பலரும் நான்கைந்து பேர் சேர்ந்து வசிக்கும் 'வேகே' வீட்டில்தான் அறை தேடுகிறார்கள். வாடகை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த முகவரியில் என் பெயரைப் பதிவு செய்யலாமா?"

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். இதுதான் 'அன்மெல்டுங்'. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சான்றும் வேண்டும். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாவிட்டால் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படலாம். ஆகவே, "பதிவு மட்டும் முடியாது, வாடகையைக் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் நீண்ட நாள் தங்கும் எண்ணத்தோடு போகாதீர்கள்.

படி 1: மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். மாணவர் நல அமைப்பான 'ஸ்டுடீரெண்டன்வெர்க்' நடத்தும் விடுதிகளில் வாடகை குறைவு. மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்போர் வரிசை நீளம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 2: வேகே தேடுங்கள். பெரும்பாலோர் பயன்படுத்துவது 'வேகே-கெசூக்ட்' தளம். நல்ல அறைக்கு ஒரே நாளில் ஏராளமான செய்திகள் குவியும். "அறை காலியாக இருக்கிறதா?" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. விளம்பரத்தை முழுவதும் படித்து, அதில் உள்ள ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு, நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், எப்போது வருகிறீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று ஏழெட்டு வரி எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் இரண்டு வரியாவது ஜெர்மன் மொழியில் இருக்கட்டும்.

அடுத்தது நேர்காணல். உங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல, அங்கே ஏற்கெனவே வசிப்பவர்கள். சமையல், சுத்தம், விருந்தினர் பற்றிக் கேட்பார்கள். தாளிக்கும் வாசனையை மறைத்துப் பேசாதீர்கள். "தினமும் சமைப்பேன், சன்னலைத் திறந்து வைப்பேன், அடுப்பை உடனே துடைத்துவிடுவேன்" என்று சொல்பவர்மீது நம்பிக்கை பிறக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், பகல் முழுவதும் அறையில் இருப்பதையும் அழைப்புகளில் பேசுவதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் நடத்தும் கூட்டுக் குடியிருப்புகளில் இந்த நேர்காணல் பெரும்பாலும் இராது. கட்டில், மேசை, இணையம் எல்லாம் வாடகையிலேயே அடங்கும். விலை அதிகம். சில மாதங்களே தங்கப் போகிறவர்களுக்கு அது சரிப்படலாம்.

படி 3: கணக்கைப் பாருங்கள். 'கால்ட்மீட்ட' என்பது அறைக்கான வாடகை மட்டும். 'வார்ம்மீட்ட' என்பது வெப்பமூட்டல், தண்ணீர் முதலிய செலவுகளும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் தனியா என்று கேளுங்கள். முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டவைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

படி 4: பணத்துக்கு முன் காகிதம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று வந்தால் அது மோசடி. பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ஊரிலிருந்தபடியே தேடுகிறவர்கள் காணொலி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்நகரில் தெரிந்தவர் இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உள்வாடகை என்றால் உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: குடியேறிய நாள். முதல் வேலை, தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. பெயர் இல்லாவிட்டால் வங்கி அட்டையும் வரி எண் கடிதமும் திரும்பிப் போய்விடும். சுவரில் கறை, தரையில் கீறல் இருந்தால் படம் எடுத்து ஒப்படைப்புக் குறிப்பில் எழுதுங்கள்; முன்பணம் முழுதாகத் திரும்புவதற்கு அதுவே ஆதாரம். பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வாங்கப்படும் ஒலிபரப்புக் கட்டணம் தலைக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. ஏற்கெனவே ஒருவர் கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணைத் தெரிவித்து, உங்கள் பங்கை அவரிடம் கொடுத்துவிடலாம்.

காலி செய்ய நினைத்தால் ஒப்பந்தத்திலுள்ள அறிவிப்புக் காலத்தைப் பாருங்கள்; காலவரையற்ற ஒப்பந்தத்தில் பொதுவாக மூன்று மாதம். மின்னஞ்சல் அனுப்பினால் செல்லாது. கையால் கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.