புரட்சியைப் படமாக எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

ராஜாவும் தளபதியும் நாயகர்களாக இல்லாத வரலாற்றுப் படம் எழுதப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். புரட்சியில் சிக்கிக்கொண்ட தச்சர், மீன்காரி, சலவைக்காரி இவர்களின் கதைகள் இன்னும் நிறைய வரவேண்டும். ஆனால் இந்த வகைத் திரைக்கதைகளில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்குப் பழக்கமான பிரெஞ்சுப் புரட்சியை வைத்து அவற்றைச் சொல்கிறேன். வேறு நாட்டுப் புரட்சியை எழுதுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நாளைக்கு நடக்கப்போவது கதாபாத்திரத்துக்கு இன்றைக்கே தெரிந்திருப்பது. 1789 ஜூலை 14 காலையில் ஒரு தச்சர் மனைவியிடம் "இன்றோடு மன்னராட்சி ஒழிந்தது" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார். அன்றைக்குப் பாரிஸில் மன்னரே வேண்டாம் என்று நினைத்தவர்கள் மிகச் சிலர். மன்னராட்சி ரத்தானது 1792 செப்டம்பரில்தான். ஜூலை 14 அன்று ஊரைச் சுற்றிப் படைகள் வந்து நின்றன, மக்களுக்குப் பயம். காலையில் இன்வாலிட் என்ற படைவீரர் விடுதிக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். சுடுவதற்கு மருந்து வேண்டுமே? அது சிறையாக இருந்த பாஸ்டில் கோட்டைக்குள் இருந்தது. அதற்காகத்தான் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். நான்கு பேர் கள்ளப் பத்திரம் தயாரித்தவர்கள், இரண்டு பேர் மனநலம் குன்றியவர்கள், ஒருவர் சொந்தக் குடும்பத்தாரே அடைத்துவைத்த பிரபு. சங்கிலி அறுந்து நூற்றுக்கணக்கான தியாகிகள் வெளிச்சத்துக்கு ஓடிவரும் காட்சியை எழுதியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சரி, அந்தத் தச்சர் மனதில் அப்போது என்னதான் ஓடியிருக்கும்? ரொட்டி விலை. வழக்கமாக 8, 9 சூவுக்கு (சூ என்பது அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கிடைத்த நான்கு பவுண்டு ரொட்டி, ஏறக்குறைய இரண்டு கிலோ, அந்த ஆண்டு 14½ சூவுக்கு ஏறியிருந்தது. கூலி ஆளுக்கு நாள் சம்பளம் 20 முதல் 30 சூ. வேலை இல்லாத நாளும் விடுமுறை நாளும் போக, கையில் நிற்பது இன்னும் குறைவு. சம்பளத்தில் பாதிக்குமேல் ஒரே ரொட்டிக்குப் போய்விடும். வீட்டு வாடகை, விறகு, பிள்ளைக்குச் செருப்பு எல்லாம் மிச்சத்தில்தான். இதை வசனத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. மனைவி ரொட்டியின் மேல் கத்தியால் லேசாக ஒரு கோடு கீறட்டும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாளைக்கு. பிள்ளை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடட்டும். பாஸ்டில் காட்சி இல்லாமலேயே புரட்சி ஏன் வந்தது என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்த தவறு, கூட்டத்தை ஒரே மிருகமாகக் காட்டுவது. வைட் ஷாட்டில் தீப்பந்தம், கூச்சல், எல்லா வாயிலும் ஒரே கோஷம். பாஸ்டிலைப் பிடித்தவர்கள் என்று பிறகு அதிகாரப்பூர்வமாகத் தயாரான பட்டியலில் 954 பேர் இருக்கிறார்கள். நிறையப் பேர் கோட்டையை ஒட்டிய புறநகரான சேந்த் ஆந்துவான் ஆட்கள். மரவேலை செய்கிறவர்கள், பூட்டுச் செய்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள். அதில் பெண் ஒரே ஒருவர், ஒரு சலவைத் தொழிலாளி. துணை நடிகர்களுக்கு உடை கொடுக்கும்போதே ஆளுக்கொரு தொழிலும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பாருங்கள், அவர்கள் நிற்கிற விதமே மாறிவிடும்.

கூட்டம் என்றாலே கொள்ளை என்று நினைப்பதும் தப்பு. 1793 பிப்ரவரியில் சோப்பு விலை கட்டுப்படியாகவில்லை என்று சலவைப் பெண்கள் தேசிய மன்றத்திடம் முறையிட்டார்கள். மறுநாள் மக்கள் மளிகைக் கடைகளுக்குள் புகுந்தார்கள். புகுந்து என்ன செய்தார்கள் தெரியுமா? சில இடங்களில் சும்மாவே தூக்கிக்கொண்டு போனார்கள், உண்மைதான். ஆனால் பல கடைகளில் சர்க்கரைக்கு இவ்வளவு, சோப்புக்கு இவ்வளவு என்று நியாயமான விலையைத் தாங்களே சொல்லி, நிறுக்கவைத்து, காசை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போனார்கள். கோபத்தோடு வரிசையில் நிற்கிற பெண், தராசைப் பார்த்து நடுங்குகிற கடைக்காரர், மேசைமேல் விழுகிற செப்புக்காசு. எரியும் கட்டடத்தைவிட இது எவ்வளவு நல்ல காட்சி! சர்க்கரை ஏன் விலை ஏறியது என்று தேடிப்போனால் கரீபியன் கடலில் பிரான்சின் காலனியான சேன் தொமேங் (இன்றைய ஹைட்டி) வரும். அங்கே 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கரும்புத் தோட்டங்களை எரித்தார்கள். ஒரு புரட்சியின் பாரம் இன்னொரு புரட்சியின் அடுப்படியில் வந்து இறங்குகிறது.

பெண்களை அழுவதற்கும் காத்திருப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மழையில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். மன்னரைப் பார்க்க உள்ளே போன சிலரில் லூயிசோன் ஷாப்ரி என்ற 17 வயதுப் பெண்ணும் இருந்தாள். மன்னர் முன்னால் பேச வாயெடுத்தவள் மயங்கி விழுந்தாள். தெளியவைத்து, மன்னரும் கனிவாகப் பேசி அனுப்பினார். சந்தோஷமாக வெளியே வந்தால், வெளியில் நனைந்துகொண்டு நின்ற பெண்கள் "காசு வாங்கிவிட்டாயா?" என்று அவள் கழுத்தை நெரிக்கப் போனார்கள். மற்றவர்கள் தலையிட்டுத்தான் அவள் பிழைத்தாள். ஒரு முழுப் படத்துக்கான பெண் இவள். நம்பிக்கை, பயம், சந்தேகம் எல்லாம் ஒரே மாலையில். மறுநாள் மன்னர் குடும்பத்தைப் பாரிஸுக்கே அழைத்து வந்துவிட்டார்கள்.

காலக்குழப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் முதன்முதலில் இயங்கியது 1792 ஏப்ரல் 25 அன்று, தலை போனது ஒரு வழிப்பறிக்காரனுக்கு. இன்று பிரான்சின் தேசிய கீதமான மார்செயேஸ் பாட்டும் அதே மாதம் எழுதப்பட்டதுதான், பாஸ்டில் காட்சியில் யாரும் அதைப் பாட முடியாது. ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று ராணி சொன்னதாக எழுதாதீர்கள். அந்த வாசகத்தை யாரோ ஓர் இளவரசி சொன்னதாகத் தத்துவஞானி ரூசோ எழுதியபோது, பின்னாளில் ராணியான மரி அந்த்துவானெத் வியன்னாவில் சின்னப் பிள்ளை. ஜூலை 14 அன்று மன்னர் நாட்குறிப்பில் "ஒன்றுமில்லை" என்று எழுதியதும் அலட்சியம் அல்ல. அது வேட்டைக் கணக்கு, அன்று அதில் எழுத எதுவும் இல்லை. படப்பிடிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: இன்றைய பாரிஸின் அகன்ற சாலைகளில் பெரும்பாலானவை 1850-களிலும் அதற்குப் பிறகும் வெட்டியவை. 1789-இன் பாரிஸ் குறுகலான சந்துகளின் ஊர்.

வசனத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. பிரெஞ்சிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு. 1793 இலையுதிர் காலத்தில் எல்லாரும் எல்லாரையும் "நீ" என்றே அழைக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே நடந்தது. ஐயா, அம்மா போய்க் குடிமகன், குடிமகள் வந்தது. நேற்றுவரை "சொல்லுங்க ஐயா" என்று கைகட்டி நின்ற வேலைக்காரர் இன்று எஜமானரை "நீ" என்கிறார். சொல்லும்போது நாக்குக் கூசுகிறது, ஒரு நொடி நிற்கிறது. அந்த ஒரு நொடியைத் தமிழில் அப்படியே கொண்டுவந்துவிடலாம். ஆங்கிலத்தில் அது முடியாது. முதல் காட்சியிலிருந்தே எல்லாரும் "தோழா, நீ" என்று பேசிக்கொண்டிருந்தால் அது வீணாகிவிடும்.

ஏழை என்றால் புரட்சிப் பக்கம், பணக்காரர் என்றால் எதிர்ப் பக்கம் என்று பிரிப்பதையும் தவிருங்கள். 1793 மார்ச்சில் மேற்குப் பிரான்சின் வாந்தே பகுதியில் புரட்சிக்கு எதிராக எழுந்தவர்கள் விவசாயிகள். மூன்று லட்சம் பேரைப் படைக்கு எடுக்கப் பாரிஸ் உத்தரவு போட்டிருந்தது, அவர்களுடைய பாதிரியார்களை ஏற்கெனவே விரட்டியிருந்தது. பயங்கர ஆட்சி எனப்படும் 1793-94 காலத்தில் தீர்ப்பளித்துக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 16,600 பேர். அதில் பிரபுக்கள் நூற்றுக்கு எட்டு பேர்தான். விவசாயிகளும் உழைப்பாளிகளும் சேர்ந்தால் பாதிக்கும் மேல். படத்தில் வண்டியில் ஏற்றப்படுகிற எல்லாரும் பட்டுச்சட்டை போட்டிருந்தால் அந்த மனிதர்களை இரண்டாம் முறை கொன்றதாகிவிடும்.

கடைசியாக, படத்தை எங்கே முடிப்பது? கொடி ஏறுகிற இடத்தில் முடிக்காதீர்கள். 1794 டிசம்பரில் விலைக்கட்டுப்பாடு போனது. கடுங்குளிரும் சேர்ந்து, 1795-இல் பாரிஸில் ரொட்டிப் பங்கீடு சில நாள் கைப்பிடி அளவுக்கு இறங்கியது. மே 20 அன்று அதே சேந்த் ஆந்துவான் புறநகர்ப் பெண்கள் மறுபடியும் தேசிய மன்றத்துக்குள் புகுந்தார்கள். கூட்டத்தில் பலரின் தொப்பியில் குத்தியிருந்த சீட்டில் "ரொட்டியும் 1793-ஆம் ஆண்டு அரசியல் சட்டமும்" என்று எழுதியிருந்தது. நான்கு நாளில் படை வந்து புறநகரின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு போனது. ரொட்டியில் கோடு கீறிய அந்த மனைவிக்கு அப்போது ஆறு வயது கூடியிருக்கும்.