மழைநீர்க் கட்டணமும் தள்ளுபடியும்: எங்கே சறுக்குகிறது?

மழைநீர் வடிகாலுக்குப் பணம் திரட்டக் கிளம்பும் நகரங்கள் பலவும் முதலில் கை வைப்பது குடிநீர்க் கட்டணத்தில்தான். ஏற்கெனவே வசூலாகிற ரசீதில் ஒரு தொகையைச் சேர்த்துவிடுவது சுலபம். ஆனால் ஒருவர் செலவழிக்கும் குடிநீருக்கும் அவர் இடத்திலிருந்து தெருவுக்கு ஓடிவரும் மழைநீருக்கும் சம்பந்தமே இல்லை. 1,000 சதுர மீட்டர் கான்கிரீட் வாகன நிறுத்துமிடத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் விழுவது 10,000 லிட்டர். அதில் பெரும்பகுதி நேரே வடிகாலுக்குப் போகும். அங்கே ஒரு குடிநீர்க் குழாய்கூட இருக்காது. அதன் செலவையும் சேர்த்துக் கட்டுவது, அடுக்குமாடியில் நெருக்கிக் குடியிருக்கும் குடும்பங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2010-இல் வீடல்லாத கட்டடங்களுக்குக் குடிநீர் மீட்டர் கணக்கைக் கைவிட்டு, மனையின் பரப்பு, நீர் இறங்காத தளத்தின் பரப்பு இரண்டையும் பார்த்துக் கட்டணம் போடத் தொடங்கியது.

சரி, கட்டணம் ஒழுங்காகிவிட்டது. அப்புறம், மழைநீரைத் தன் இடத்திலேயே நிறுத்துபவருக்கான தள்ளுபடியைப் பெயருக்கு வைப்பார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்து நீர் இறங்கும் தளம் போட எவ்வளவு, வருடத்துக்கு மிச்சம் எவ்வளவு என்று உரிமையாளர் கணக்குப் போடாமலா இருப்பார்? போட்ட காசைத் திரும்ப எடுக்க முப்பது வருடம் ஆகுமென்றால் யாரும் கடப்பாரையைத் தொட மாட்டார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தன் இடத்து மழைநீரைத் தானே சமாளிப்பவருக்கு, அந்த இடத்துக்கான கட்டணம் முழுவதும்கூடத் தள்ளுபடியாகலாம். பொதுச் சாலைகளின் மழைநீருக்கான பங்கை மட்டும் கட்ட வேண்டும். என் பார்வையில் இது நியாயமான பிரிப்பு. கட்டணமே அற்பமாக இருக்கும் ஊரில் தள்ளுபடி எடுபடாது, முன்பணமாக மானியம்தான் தரவேண்டும்.

மானியத்தில் வரும் பெரிய தவறு, கட்டுவதற்குக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பை மறப்பது. மண்ணும் சருகும் அடைத்தபின் நீர் இறங்கும் தளமும் வெறும் தரைதான். வாஷிங்டன் நகரில், மழைநீரைத் தேக்கும் அமைப்பு கட்டியவர் பிறருக்கு விற்கக்கூடிய மழைநீர்ப் புள்ளிகள் உண்டு: ஒரு புள்ளி என்பது ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) நீரைத் தேக்கும் திறனை ஓராண்டு வைத்திருப்பது. ஒரே தடவையில் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் சான்று. அமைப்பு வேலை செய்தால்தான் புதுப்பிப்பு.

பள்ளி, அரசு அலுவலகம், வழிபாட்டுத் தலம் என்று விலக்கு கொடுத்துக்கொண்டே போவதும் ஆபத்து. அவற்றின் கூரைகள்தான் பெரியவை.

கடைசியாக, விளக்கம் சொல்லாமல் வசூலில் இறங்குவது. மேரிலாந்து மாநிலம் 2012-இல் பத்து உள்ளாட்சிகள் இக்கட்டணம் விதித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் அதற்கு 'மழை வரி' என்று பெயர் சூட்டினார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. 2015-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.