கண்டி போர் மயானத்தில் ஒரு கடற்படை வீரரின் பதக்கத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

முதலில் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். கண்டியில் போய் வெள்ளைக்காரர் மயானம் எங்கே என்று கேட்டால், பாதிப் பேர் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள பழைய காரிசன் மயானத்துக்குத்தான் கையைக் காட்டுவார்கள். அங்கே கிடப்பவர்கள் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள், காய்ச்சல், வெயில், யானை என்று விதவிதமாகச் செத்தவர்கள். சும்மா பார்க்கப் போகலாம், ஆனால் நமக்கு வேண்டியது இரண்டாம் உலகப் போர்க்கால மயானம். அது பேராதனைப் பக்கம், தெவனி ராஜசிங்க மாவத்தையில் இருக்கிறது. த்ரீவீலர்காரரிடம் 'வோர் சிமெட்ரி' என்று சொல்லுங்கள், போதும்.

கடலே இல்லாத மலைநாட்டில் கடற்படைக்காரருக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது, தியத்தலாவையில் கடற்படை முகாமே இருந்தது, அதனால் மூன்று படைக்காரர்களும் இந்தப் பக்கம் நடமாடினார்கள். வெள்ளைக்காரர் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், நம் நாட்டவர் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள்.

சரி, கல்லை வாசிப்போம். நங்கூரச் சின்னம் இருந்தால் அது கடற்படை. படை எண், பதவி, பெயர், பெயருக்குப் பின்னால் விருது எழுத்துகள், கப்பல், இறந்த திகதி, வயது எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடியில் ஒரு வரி இருந்தால் அது குடும்பத்தார் தேர்ந்தது. கப்பல் பெயரில்தான் பலர் வழுக்குவார்கள், ஏனென்றால் பிரித்தானியக் கடற்படை தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர்தான் வைக்கும். எச்.எம்.எஸ். ஊவா எந்தக் கடலில் ஓடியது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், அதுதான் அந்தத் தியத்தலாவை முகாம். எச்.எம்.எஸ். லங்கா கொழும்புத் தளம், ஹைஃப்ளையர் திருகோணமலைத் தளம்.

எழுத்து தேய்ந்திருந்தால் சுண்ணாம்புக் கட்டி பூசுவது, கம்பித் தூரிகையால் உரசுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில் படம் எடுங்கள், இல்லாவிட்டால் ஃபோன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழும்பி நிற்கும்.

இனி விருது. டி.எஸ்.சி. (சிறப்புச் சேவைச் சிலுவை) அதிகாரிகளுக்கு, டி.எஸ்.எம். (சிறப்புச் சேவைப் பதக்கம்) கீழ்நிலை மாலுமிகளுக்கு, இவற்றுக்கெல்லாம் மேலே விக்டோரியா சிலுவை. விக்டோரியா சிலுவை பெற்றவரின் கல்லில் வழக்கமான சிலுவைக்குப் பதிலாக அந்தப் பதக்கத்தின் வடிவத்தையே செதுக்குவார்கள். இந்த இடத்தில் ஒரு விதியை மனதில் வையுங்கள், தேடல் பாதியாகக் குறைந்துவிடும்: டி.எஸ்.சி., டி.எஸ்.எம். இரண்டையும் அந்தக் காலத்தில் இறந்தபின் கொடுக்கமாட்டார்கள். 1940 ஜூலை 4இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் எதிரி விமானங்களைச் சுட்டபடியே இறந்த மாலுமி ஜாக் மான்டிலுக்குக் கிடைத்தது விக்டோரியா சிலுவை, ஏனென்றால் அதை இறந்தபின்னும் கொடுக்கலாம். ஆகவே கல்லில் டி.எஸ்.எம். என்று இருந்தால், வீரச்செயல் வேறெங்கோ முன்பே நடந்தது, மரணம் வேறு கதை. இரண்டையும் ஒன்றாகக் கோர்த்து 'வீரமரணம்' என்று எழுதிவிடுவதுதான் பாடசாலைக் கட்டுரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிசகு.

வீட்டுக்கு வந்து கொமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையதளத்தைத் திறந்து, மயானத்தின் பெயரைப் போட்டு, படைப்பிரிவு கடற்படை என்று வடிகட்டுங்கள். வணிகக் கப்பல்காரர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெற்றோர் பெயர், ஊர் சில பதிவுகளில் கிடைக்கும். அப்புறம் விருதுகளை அறிவிக்கும் பிரித்தானிய அரச வர்த்தமானியான லண்டன் கெஜட், அதுவும் இலவசம். குடும்பப் பெயரோடு படை எண்ணையும் போட்டு, இறந்த திகதிக்கு முந்தைய வருடங்களில் இருந்து தேடத் தொடங்குங்கள். பழைய அச்சை இயந்திரம் வாசித்த பக்கங்கள் என்பதால் எழுத்து மாறிக் கிடக்கும், ஒன்றிரண்டு விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

கெஜட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும், இன்ன நடவடிக்கையில் காட்டிய துணிவுக்காக என்று. முழுப் பரிந்துரையும் வேண்டுமென்றால் பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏ.டி.எம். 1 என்ற கடற்படைத் தலைமையக ஆவணத் தொகுதியைப் பாருங்கள். பட்டியலைத் தேடக் காசு இல்லை, பிரதி எடுப்பித்தால் காசு.

கண்டியில் பெயரே இல்லையா? 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பல்காரர்களைப் போல, உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்கள் பெயர் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளைமவுத், சாட்டம் நினைவுச் சின்னங்களில் இருக்கும், அதே ஆணைக்குழுத் தளத்தில் மயானப் பெயரை எடுத்துவிட்டு ஆள் பெயரை மட்டும் போட்டால் வந்துவிடும். உடல் கரை சேர்ந்தவர்கள் என்றால் திருகோணமலைப் போர் மயானத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.