அடாப்டிவ் டிடெக்டர்: வேண்டிய சிக்னலையே வெட்டிப்போடும் தவறும் வேறு சிலவும்

பல பயனர்களின் சிக்னல்கள் கலந்து வரும்போது, குறுக்கீட்டுக்கேற்ப வெயிட்களை (பெருக்கும் எண்களை) தானே மாற்றி வேண்டியவரைப் பிரித்தெடுக்கும் ரிசீவர்தான் அடாப்டிவ் டிடெக்டர். அந்த வெயிட்களைப் படிப்படியாகத் திருத்தும் எல்.எம்.எஸ். அல்காரிதத்தில் ஸ்டெப் சைஸை (படியின் அளவை) கூட்டினால் ஃபில்டர் வெடிக்கும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதை விடுவோம். சிமுலேஷனில் சமர்த்தாக ஓடிவிட்டு, ஹார்டுவேரில் கவிழ்க்கும் தவறுகள்தான் இங்கே.

சொந்த சிக்னலைக் குறுக்கீடாக்குவது

8 ஆண்டெனா. சாம்பிள்களைச் சேர்த்து, கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸை (ஆண்டெனாக்களின் சிக்னல்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணையை) இன்வெர்ஸ் எடுத்து, ஸ்டீயரிங் வெக்டரால் (வேண்டியவரின் திசையைச் சொல்லும் எண் வரிசையால்) பெருக்கினால் வெயிட் தயார். ஆனால் வேண்டிய பயனரின் பவரைக் கூட்டக் கூட்ட பிழை விகிதம் ஏறுகிறது! உடனே கோடில் எங்கோ குறி மாறிவிட்டது என்று இரண்டு நாள் தேடுவார்கள். கோடில் ஒன்றுமில்லை.

அல்காரிதத்துக்கு இட்ட வேலை, சொன்ன திசையை மட்டும் காப்பாற்றி மீதி பவரைக் குறைப்பது. கேபிள்களின் ஃபேஸ் வித்தியாசத்தால் நிஜ சிக்னல் சொன்ன திசையிலிருந்து சற்று விலகினாலும் அதுவும் ஒரு குறுக்கீடுதான். வலு கூடக் கூட வெட்டும் ஆழமாகும்.

திசை மிகச் சரியாக இருந்தாலும் தப்ப முடியாது. ஆண்டெனா எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு சாம்பிள் இருந்தால் சராசரி இழப்பு சுமார் 3 டெசிபெல் என்பது ரீட், மேலெட், பிரென்னன் மூவரும் 1974இல் தந்த விதி. இங்கே 16 சாம்பிள். அந்த விதி, வேண்டிய சிக்னல் கலக்காத சாம்பிளுக்கானது; எரிச்சலூட்டும் விதமாக எல்லோரும் மறப்பது இதைத்தான். சிக்னல் கலந்திருந்து, எட்டக்கூடிய எஸ்.ஐ.என்.ஆர். (குறுக்கீடும் நாய்ஸும் சேர்ந்ததைப்போல் சிக்னல் பவர் எத்தனை மடங்கு என்பது) 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு என்றால், அதே 3 டெசிபெல் இழப்புக்குச் சுமார் 100 × (8 − 1) = 700 சாம்பிள் வேண்டும்.

அந்தப் பயனர் மௌனமாக இருக்கும் நேரத்தில் கோவேரியன்ஸை அளக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் டயகனல் லோடிங்: நாய்ஸ் பவரைப்போல் 10 மடங்கை மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில் கூட்டிப் பாருங்கள். மிகையானால் மெலிந்த குறுக்கீடுகள் வெட்டுப்படாமல் நுழையும். 0.01 என்று நிலையான எண்ணைக் கோடில் எழுதி வைக்காதீர்கள், ஏ.ஜி.சி. (சிக்னலின் வலுவுக்கேற்பப் பெருக்கத்தைத் தானே மாற்றும் சுற்று) கெயின் மாறியதும் நாய்ஸ் அளவு மாறிவிடும், அந்த எண் அர்த்தமிழக்கும். பைலட் (ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிக்னல்) இருந்தால், ஊகித்த ஸ்டீயரிங் வெக்டருக்குப் பதிலாக அதனோடு கோரிலேட் செய்து கிடைப்பதை வையுங்கள்.

சோதிப்பது எளிது. வேண்டியவரின் பவரை 5 டெசிபெல் படிகளாக 0 முதல் 30 வரை ஏற்றுங்கள். வெளியீட்டு எஸ்.ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போய் நடுவில் கீழே வளைந்தால், நோய் இதுதான்.

வலுத்தவரை முழுதாகக் கழித்துவிட்டதாக நம்புவது

வலுத்த பயனரின் சிக்னலை முதலில் கணித்துக் கழித்துவிட்டு, பிறகு மெலிந்தவரைப் படிப்பது ஒரு வழி. வலுத்தவரின் வீச்சை 10 சதவீதம் தவறாகக் கணித்தால் 1 சதவீத பவர் மிஞ்சும். அதாவது 20 டெசிபெல்தான் குறையும். அவர் மெலிந்தவரைவிட 30 டெசிபெல் வலுத்தவர் என்றால், கழித்த பிறகும் மிச்சம் 10 டெசிபெல் மேலே நிற்கும். ஃபேஸில் 6 டிகிரி பிசகினாலும் இதே கதை.

ஏ.டி.சி. நிரம்பிய பிறகு வடிகட்டுவது

ஏ.டி.சி. (அலையை எண்களாக்கும் கருவி) நிரம்பினால் அலையின் தலை வெட்டுப்படும்; அதை எந்த வெயிட்டும் ஒட்டவைக்காது. கெயினைக் குறையுங்கள்.

ஆர்.எல்.எஸ்.ஸுக்கு ஞாபகமறதி

ஆர்.எல்.எஸ். என்பது பழைய சாம்பிள்களை மெல்ல மறந்தபடி வெயிட்களைக் கணிக்கும் அல்காரிதம். மறதிக் காரணி 0.99 என்றால் நினைவு சுமார் 100 சிம்பல், 0.9 என்றால் வெறும் 10. 10 சிம்பலை வைத்து 31 வெயிட்டைக் கணிக்கச் சொன்னால் அது நாய்ஸைத்தான் மனப்பாடம் செய்யும்.

நல்களை எண்ணாமல் விடுவது

நல் என்பது குறுக்கீட்டை வெட்ட ஒரு திசையில் போடும் பள்ளம். 8 ஆண்டெனாவுக்கு 7 நல்தான். நீண்ட தாமதத்தோடு வரும் எதிரொலியும் அதில் ஒன்றைத் தின்னும்.