கொரோனா வெளியேற்றத்தின் வேகத்தை நீங்களே அளக்கலாம்

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து அவ்வப்போது பெரும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) மேகங்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும்; இதுதான் கொரோனா வெளியேற்றம். அவற்றின் வேகத்தை அளக்கத் தொலைநோக்கி தேவையில்லை. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி3 கேமரா, சூரியனை ஒரு தட்டால் மறைத்துக் கொரோனாவைப் படமெடுக்கிறது. அந்தப் படங்களும், அவற்றை அளக்க உதவும் இமேஜ்ஜே மென்பொருளும் இலவசம்.

வெளியேற்றம் தெரிந்த ஒரு நாளைப் பிடித்து, 2 மணி நேரத்துக்கான 1024 × 1024 படங்களை இறக்குங்கள். பொதுவாக 12 நிமிடத்துக்கு ஒரு படம் இருக்கும். மூலையில் உள்ள நேரம் உலக நேரம். நீல நிறம் வெறும் சாயம்தான். வெளுப்பான இடம் சூடான இடம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கே எலக்ட்ரான்கள் அதிகம், சூரிய ஒளியை அவை கூடுதலாகச் சிதறடிக்கின்றன, அவ்வளவே.

அளவுகோல்

மறைப்புத் தட்டின் மேல் வரைந்திருக்கும் வெள்ளை வட்டம் சூரியனின் அளவு. இமேஜ்ஜேயின் கோட்டுக் கருவியால் அதன் விட்டத்தை அளந்தால் சுமார் 34 பிக்சல் வரும். பாதியான 17 பிக்சல்தான் சூரிய ஆரம், அதாவது 6,96,000 கி.மீ. ஆக, ஒரு பிக்சல் ஏறத்தாழ 41,000 கி.மீ. சிறிதாக்கிய படம் என்றால் இந்தக் கணக்கு மாறும். அதனால் வட்டத்தை ஒவ்வொரு முறையும் அளந்துவிடுங்கள்.

கழித்தல்

படங்களை முதலில் 8-பிட்டாக மாற்றுங்கள். பிறகு இமேஜ் கால்குலேட்டரில் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழியுங்கள். அசையாத கொரோனா மறைந்து, நகரும் மேகம் மட்டும் தெரியும். அங்கே '32-பிட்' பெட்டியைத் தேர்வு செய்யாவிட்டால் எதிர்ம மதிப்புகளெல்லாம் பூஜ்யமாகி, பாதித் தகவல் போய்விடும்.

முனையைத் தொடர்தல்

வட்டத்தின் மையத்திலிருந்து ஒரே திசையில், மேகத்தின் வெளி விளிம்பு வரை அளக்கவும். கண் தானாகவே உள்ளே இருக்கும் பிரகாசமான கருவுக்குப் போகும். அது பெரும்பாலும் மெதுவாக நகர்வதால் வேகம் குறைத்துக் காட்டும். தட்டின் விளிம்பிலிருந்து அளந்தாலும் வேகம் சரியாகவே வரும், ஆனால் உயரம் தப்பு. மேகம் எப்போது கிளம்பியது என்று பின்னோக்கிப் பார்க்கையில் விடை சொதப்பும்.

உதாரணமாக, 10:18-க்கு 5 சூரிய ஆரம், 12:18-க்கு 14 சூரிய ஆரம் என்று வைத்துக்கொள்வோம். 9 × 6,96,000 = 62,64,000 கி.மீ.; 7,200 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 870 கி.மீ.

இரண்டே படங்களை வைத்து முடித்துவிடாதீர்கள். 12 நிமிட இடைவெளியில் ஒரு பிக்சல் தவறினாலே விநாடிக்கு 57 கி.மீ. பிழை, 2 மணி நேரத்தில் அதே தவறு 6 கி.மீ.தான். எல்லாப் புள்ளிகளையும் நேரம்–தூரம் வரைபடமாகப் போட்டுச் சரிவைப் பாருங்கள். கோடு வளைந்தால் மேகம் முடுக்கமோ தடையோ பெறுகிறது. விரைவான மேகங்களைச் சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டம்) இழுத்துப் பிடிக்கும், மெதுவானவற்றைத் தன்னோடு அழைத்துப் போகும்.

படம் முழுக்கப் பனி தூவியதுபோலப் புள்ளிகள் விழுந்தால் அது உயர் ஆற்றல் புரோட்டான்கள் கேமராவில் மோதுவதால். அதற்கு முந்தைய படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டைச் சுற்றி முழு வளையமாக விரியும் மேகம் பூமியை நோக்கியோ நேரெதிராகவோ போவது. அதில் நீங்கள் அளப்பது பக்கவாட்டு விரிவை மட்டுமே. முனையின் உண்மை வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.